வெற்றிலை, வைரசு, ஓமோன்: வாயையும் தொண்டையையும் தேடி வரும் புற்றுநோய்

மன்னாரின் பேசாலையிலும் வங்காலையிலும் தாழ்வுபாட்டிலும் இரவுத் தொழிலுக்குப் போகிறவர்களின் மடியில் ஒரு வெற்றிலைச் சரை இருப்பது பழைய வழக்கம். வலையை விட்டுவிட்டு விடியும்வரை காத்திருக்கும் நேரத்தில் தூக்கத்தையும் பசியையும் தள்ளிப்போட அது உதவுகிறது. கரையில் கருவாடு காயவைக்கும் பெண்கள் பலருக்கும் அதுவே துணை. கல்யாணத்துக்குச் சொல்லப் போனாலும், செத்த வீட்டில் விழித்திருந்தாலும் நடுவில் வெற்றிலைத் தட்டம் இருக்கும். பாக்கு ஈரவலயத்திலிருந்து வரும். புகையிலை யாழ்ப்பாணத்திலிருந்து வரும். இரண்டும் சுண்ணாம்போடு சேர்வது எங்கள் வாயில்தான்.

அதன் விலையை நாடு முழுவதும் கட்டிக்கொண்டிருக்கிறது. தேசியப் புற்றுநோய்க் கட்டுப்பாட்டு நிகழ்ச்சித்திட்டத்தின் பதிவேட்டில் இலங்கை ஆண்களிடம் முதலிடத்தில் நிற்பவை உதடு, வாய், தொண்டை ஆகிய இடங்களில் தோன்றும் புற்றுநோய்கள். நாக்கு, டொன்சில், குரல்வளை, மூக்கின் பின்புறம், உமிழ்நீர்ச் சுரப்பி ஆகியவற்றில் வருபவற்றையும் சேர்த்து இவற்றைத் தலை, கழுத்துப் புற்றுநோய்கள் என்று மருத்துவர்கள் ஒரே குடும்பமாகப் பார்க்கிறார்கள்.

வெற்றிலை, புகையிலை, சிகரெட், மது ஆகியவை இந்நோயைக் கொண்டுவருகின்றன என்பது இன்று பலருக்கும் தெரியும். ஆனாலும் சில கேள்விகள் மிஞ்சுகின்றன. வெற்றிலையைத் தொடாத, புகைக்காத ஒருவருக்கு டொன்சிலில் புற்று வருவது எப்படி? பெண்களை விட ஆண்களை இந்நோய் ஏன் இவ்வளவு அதிகமாகப் பிடிக்கிறது? கழுத்தில் இருக்கும் தைரொயிட் சுரப்பியில் மட்டும் இந்தக் கணக்கு ஏன் தலைகீழாகிறது? கடந்த பல பத்தாண்டுகளில் இக்கேள்விகளின் பின்னே போன விஞ்ஞானிகள் இரண்டு பெயர்களோடு திரும்பி வந்தார்கள்: வைரசு, ஓமோன். வெற்றிலையையும் சேர்த்து இந்த மூன்றில் எது எவ்வளவு பொறுப்பு என்பதைப் பிரித்தறிந்தால்தான், எதை எங்கே தடுக்கலாம் என்பது விளங்கும்.

பாக்கு செய்யும் வேலை

புகையிலைதான் தீயது, வெறும் வெற்றிலை பாக்கு உடம்புக்கு நல்லது என்று சொல்லும் வழக்கம் எங்கள் ஊர்களில் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் கீழுள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1985இல் புகையிலை சேர்ந்த வெற்றிலையை மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருளாக அறிவித்தது. 2004இல் வெளியான அதன் அடுத்த மதிப்பீடு இன்னும் ஒரு படி மேலே போனது. புகையிலை சேராத வெற்றிலைக் கலவையும் புற்றுநோய் தரும். பாக்குத் தனியாகவே புற்றுநோய் தரும் என்பது அதன் தீர்ப்பு.

பாக்கில் அரெக்கொலின் என்ற அல்கலோயிட்டு இருக்கிறது. மென்றவுடன் உடம்பு சூடேறுவதும், தூக்கம் கலைவதும், நாளடைவில் அது இல்லாமல் இருக்க முடியாமற் போவதும் பெரும்பாலும் அதன் வேலை. சுண்ணாம்பு வாயில் காரத்தன்மையைக் கூட்டுகிறது. அப்போது அரெக்கொலின் கன்னத்தின் உட்தோல் வழியாக எளிதில் உள்ளே போகிறது. அதே காரத்தன்மையில் பாக்கின் பொருட்கள் ஒட்சிசனோடு தாக்கமடைந்து, டி.என்.ஏ.யைக் காயப்படுத்தும் தீவிர மூலக்கூறுகளைப் பிறப்பிக்கின்றன. அரெக்கொலினிலிருந்தும் புகையிலையிலிருந்தும் நைத்திரோசமீன் என்ற நச்சுகள் உருவாகி மெல்பவரின் உமிழ்நீரில் கலக்கின்றன.

பாக்கில் செம்பும் அதிகம். தோலுக்கு அடியிலுள்ள கொலாஜன் நார்களை ஒன்றோடொன்று பிணைக்கும் நொதியத்தை அந்தச் செம்பு முடுக்கிவிடுகிறது. நார்கள் இறுகுகின்றன, கன்னம் தோல்வார் போல விறைக்கிறது, காரம் பட்டால் எரிகிறது, வாய் வரவரக் குறைவாகத் திறக்கிறது. 1952இல் கென்யாவில் வாழ்ந்த இந்தியப் பெண்கள் சிலரிடம் சுவார்ட்ஸ் என்ற மருத்துவர் இந்த நிலையை முதலில் விவரித்தார். வாயின் உட்தோலடி நாரிறுக்கம் என்று அதைச் சொல்லலாம். இது புற்றுநோய் அல்ல. ஆனால் இதை உடையவர்களில் ஒரு பகுதியினருக்குப் பின்னர் புற்றுநோய் வருகிறது.

இந்த வழி மெதுவானது. முதல் வெற்றிலைக்கும் முதற் கட்டிக்கும் இடையே இருபது, முப்பது ஆண்டுகள் போகலாம். அந்த நீண்ட இடைவெளியில் எந்த இடத்திலும் தடுக்கலாம் என்பதே இதில் உள்ள நம்பிக்கை.

இரண்டு நங்கூரங்கள்

வைரசின் வேலையை விளங்கிக்கொள்ள, கலத்துக்குள் நடப்பதைக் கொஞ்சம் பார்க்கவேண்டும். வாயின் உட்தோலில் உள்ள கலங்கள் ஓயாமல் பிரிந்து புதுப்பிக்கப்படுகின்றன. தேவையற்ற நேரத்தில் பிரியாமல் அவற்றைப் பிடித்து நிறுத்தும் புரதங்களில் இரண்டு மிக முக்கியமானவை. ஒன்று 1979இல் கண்டறியப்பட்ட பி53. டி.என்.ஏ. காயப்பட்டால் கலப்பிரிவை நிறுத்தித் திருத்த நேரம் கொடுக்கும். திருத்த முடியாவிட்டால் அந்தக் கலத்தையே சாகவைக்கும். மற்றது ஆர்.பி. என்ற புரதம். பிரியும் கட்டளை வரும்வரை கலத்தை ஓய்வில் வைத்திருப்பது அதன் கடமை. காற்றடிக்கும் கடலில் வள்ளத்தை இரண்டு நங்கூரங்கள் பிடித்திருப்பது போல இவை கலத்தைப் பிடித்திருக்கின்றன. வெற்றிலையும் புகையிலையும் பாறையைப் போல அந்த நங்கூரங்களின் கயிற்றை ஆண்டுக்கணக்கில் தேய்த்து அறுக்கின்றன. வைரசோ நேரே வந்து இரண்டு நங்கூரத்தையும் பிடுங்கிவிடுகிறது.

அந்த வைரசின் பெயர் மனிதப் பப்பிலோமா வைரசு. சுருக்கமாக எச்.பி.வி. இதில் 200க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. பெரும்பாலானவை பாலுண்ணி, மரு போன்றவற்றோடு நின்றுவிடும். ஜெர்மனியின் ஹரால்ட் சூர் ஹௌசனுடைய குழு 1983இல் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க் கட்டிகளிலிருந்து 16ஆம் வகையையும், அடுத்த ஆண்டில் 18ஆம் வகையையும் பிரித்தெடுத்தது. இதற்காக 2008இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மௌரா கில்லிசனும் அவருடைய குழுவும் டொன்சிலிலும் நாக்கின் அடியிலும் வரும் புற்றுநோய்களில் ஒரு பகுதிக்கு இதே 16ஆம் வகை காரணம் என்பதற்கு வலுவான சான்றுகளைத் தந்தார்கள்.

இந்த வைரசு ஈ6, ஈ7 என்ற இரண்டு புரதங்களைச் செய்கிறது. ஈ6, பி53ஐப் பிடித்துக் கலத்தின் சொந்தக் கழிவகற்றும் முறைக்கு அனுப்பி அழித்துவிடுகிறது. ஈ7, ஆர்.பி.யைக் கட்டிப்போடுகிறது. புகையிலையால் வந்த கட்டிகளில் பெரும்பாலும் பி53க்கான பரம்பரையலகே பழுதாகியிருக்கும். வைரசால் வந்த கட்டிகளில் அந்தப் பரம்பரையலகு பெரும்பாலும் பழுதின்றி இருக்கும். அது செய்யும் புரதம்தான் உடனுக்குடன் அழிக்கப்படுகிறது. இரண்டு நோயாளிக்கும் மருத்துவ அட்டையில் ஒரே பெயர் எழுதப்பட்டாலும், உள்ளே இருப்பவை இருவேறு நோய்கள்.

சிகிச்சையின் பலனிலும் அந்த வேறுபாடு தெரிகிறது. 2010இல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில், டொன்சிலும் நாக்கின் அடியும் அடங்கிய தொண்டைப் பகுதியின் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சும் மருந்தும் சேர்ந்த சிகிச்சை பெற்றவர்களில், வைரசால் நோய் வந்தவர்களில் 82.4 வீதத்தினர் மூன்று ஆண்டுகளின் பின்னும் உயிரோடிருந்தார்கள். வைரசு இல்லாதவர்களில் அது 57.1 வீதம். வைரசு இருந்தும் நெடுநாள் புகைத்தவர்களுக்கு அந்த நன்மை குறைந்துபோனது. இந்தச் சான்றுகளின் பின்னர், 2017இல் வெளியான சர்வதேச நோய்நிலை வகைப்பாட்டில் வைரசு சார்ந்த தொண்டைப் புற்றுநோய்க்குத் தனி வரிசை வகுக்கப்பட்டது.

வைரசு ஏன் டொன்சிலைத் தேடுகிறது? டொன்சிலின் மேற்பரப்பில் ஆழமான குழிகள் பல உள்ளன. அக்குழிகளின் உட்தோல் மெல்லியது. இயல்பாகவே இடைவெளிகள் கொண்டது. எச்.பி.வி. தோலின் அடித்தளக் கலங்களை அடைந்தால்தான் குடியேற முடியும். மற்ற இடங்களில் அதற்குக் கீறலோ காயமோ வேண்டும். டொன்சிலில் வழி திறந்தே இருக்கிறது.

இவ்வைரசு நெருங்கிய உடலுறவின் மூலம் பரவுகிறது. வாயும் அதில் அடங்கும். இதை வெட்கமின்றித் தெரிந்துகொள்ளவேண்டும். வாழ்நாளில் பெரும்பாலானோர் ஏதோ ஒரு வகையை எதிர்கொள்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோரின் உடல் ஓரிரு ஆண்டுகளில் அதைத் தானே விரட்டிவிடுகிறது. மிகச் சிலரிடமே அது தங்கி, பல ஆண்டுகளின் பின்னர் புற்றாகிறது. நோய் வந்தவரின் ஒழுக்கத்தைப் பற்றி அது எதையும் சொல்வதில்லை. ஊர்ப்பேச்சுக்குப் பயந்து வைத்தியசாலைக்குப் போகாமல் இருப்பவர் இழப்பது உயிரை.

மேற்கு நாடுகளில் இந்தப் புற்றுநோய் வேகமாகப் பெருகியுள்ளது. அமெரிக்காவில் வைரசு சார்ந்த தொண்டைப் புற்றுநோயாளரின் எண்ணிக்கை கருப்பைக் கழுத்துப் புற்றுநோயாளரின் எண்ணிக்கையையே தாண்டிவிட்டது. தென்னாசியாவின் நிலை வேறு. இங்கே புற்று அதிகம் வருவது கன்னத்தின் உட்புறத்திலும், ஈறிலும், நாக்கின் ஓரத்திலும். வெற்றிலை அடக்கிவைக்கும் இடங்களில். வாய்க்குழியில் வரும் இவ்வகைப் புற்றில் வைரசின் பங்கு சிறியது. ஆகவே மன்னாரில் ஒருவர் ‘இது வைரசால் வரும் நோயாமே’ என்று சொல்லிக்கொண்டு வெற்றிலையைத் தொடர்ந்தால், அவர் படித்ததைத் தவறாகப் புரிந்துகொண்டார்.

கருவாட்டுக் கரைக்கு ஒரு விளக்கம்

இன்னொரு வைரசையும் சொல்லியாகவேண்டும். 1964இல் மைக்கேல் எப்ஸ்டீன், பெர்ட் அச்சொங், இவொன் பார் ஆகியோர் ஆபிரிக்கச் சிறுவர்களின் கட்டியொன்றிலிருந்து கண்டுபிடித்த எப்ஸ்டீன்-பார் வைரசு அது. உமிழ்நீரால் பரவும். உலகில் வளர்ந்தவர்கள் ஏறக்குறைய எல்லோரின் உடம்பிலும் அது அமைதியாகக் குடியிருக்கிறது. மூக்கின் பின்புறத்தில் வரும் மூக்குத்தொண்டைப் புற்றுநோய்க்கு அது முக்கிய காரணம். ஆனாலும் அந்நோய் தென்சீனாவிலும் ஹொங்கொங்கிலும் தென்கிழக்காசியாவிலுமே அதிகம். வைரசு எங்கும் இருக்க, நோய் ஓரிடத்தில் குவிகிறது என்றால், பரம்பரையும் உணவும் அதோடு சேர்ந்திருக்கவேண்டும்.

அந்த உணவுகளில் ஒன்று உப்பிட்ட மீன். சீன முறையில் உப்பிட்ட மீனை மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருட்களின் பட்டியலில் சர்வதேச முகவரகம் சேர்த்திருக்கிறது. கருவாட்டில் வாழும் எங்கள் கரைக்கு இது அச்சம் தரும் செய்தி. எனவே இதைச் சரியாகப் படிக்கவேண்டும். அந்தத் தீர்ப்பு சீன முறை உப்பு மீனைப் பற்றியது. மூக்குத்தொண்டைப் புற்றுநோயைப் பற்றியது. அங்கே மீனைச் சற்று நொதிக்கவிட்டு, மென்மையாக்கிய பிறகு உப்பிடும் வழக்கம் உண்டு; குழந்தைக்குப் பால் மறக்கடிக்கும் பருவத்திலேயே அதை ஊட்டும் வழக்கமும் இருந்தது. வெட்டிக் கழுவி உப்பிட்டு வெயிலில் காயவைக்கும் மன்னார்க் கருவாட்டுக்கு அப்படியொரு தீர்ப்பு வழங்கப்படவில்லை. உப்பு மிகுந்த உணவை இரத்த அழுத்தம் உள்ளவர்கள் குறைக்கவேண்டும் என்பது வேறு காரணத்துக்கான நல்ல அறிவுரை.

ஓமோனும் கழுத்தும்

ஓமோன் என்றதும் குழந்தைப்பேறும் மாதவிடாயும்தான் நினைவுக்கு வரும். ஆனால் கழுத்தும் ஓமோனின் ஆட்சிக்கு உட்பட்ட பகுதிதான். பையனுக்குப் பதின்ம வயதில் குரல் உடைவது, தெஸ்தெஸ்தரோன் என்ற ஆண் ஓமோன் குரல்வளையைப் பெரிதாக்குவதால். பெண்ணின் உடலில் அந்த ஓமோன் குறைவாக இருப்பதால் அவளுடைய குரல் அவ்வளவாக மாறுவதில்லை. ஓமோன் ஒன்று வேலை செய்ய, அதைப் பிடித்துக்கொள்ளும் வாங்கி என்ற புரதம் கலத்தில் இருக்கவேண்டும். ஆண் ஓமோனுக்கும், ஈஸ்திரஜன் என்ற பெண் ஓமோனுக்கும் உரிய வாங்கிகள் குரல்வளையிலும் உமிழ்நீர்ச் சுரப்பியிலும் தைரொயிட்டிலும் கண்டறியப்பட்டுள்ளன.

சில நோய்களில் ஓமோனின் கை தெளிவாகத் தெரிகிறது. மூக்கின் பின்புறத்தில் வந்து கடுமையாக இரத்தம் கசியும் இளவயது இரத்தநாளக் கட்டி ஏறக்குறைய முழுவதும் பதின்ம வயது ஆண்பிள்ளைகளுக்கே வருகிறது. அது புற்றுநோய் அல்ல என்றாலும் ஆண் ஓமோனோடு அதற்குள்ள உறவு நெருங்கியது. உமிழ்நீர்க் குழாய்ப் புற்றுநோய் என்ற அரிய, மூர்க்கமான வகையில் பெரும்பாலான கட்டிகளில் ஆண் ஓமோன் வாங்கி நிறைந்திருக்கிறது. அதனால் புரஸ்டேட் புற்றுநோய்க்குத் தருவது போன்ற ஆண் ஓமோன் தடுப்பு மருந்துகள் சில நோயாளிகளுக்கு இதிலும் தரப்படுகின்றன. தைரொயிட் புற்றுநோயோ உலகெங்கும் ஆண்களை விடப் பெண்களுக்குச் சுமார் மூன்று மடங்கு அதிகம். இலங்கைப் பெண்களிடம் மார்பகப் புற்றுநோய்க்கு அடுத்தபடியாகப் பதிவாவது அதுதான். குழந்தை பெறும் வயதில் அது கூடுதலாக வருவதால் ஈஸ்திரஜனின் பங்கு குறித்து நீண்ட காலமாக ஆராய்கிறார்கள். இது பெரும்பாலும் மெதுவாக வளரும். காலத்தோடு சிகிச்சை செய்தால் நன்றாகக் குணமாகும்.

வாயிலும் தொண்டையிலும் வரும் சாதாரணப் புற்றில் கதை அவ்வளவு தெளிவானதல்ல. ஆண்களுக்கு இது அதிகம் வருவதற்கு முதற் காரணம் பழக்கங்களே. புகைப்பதும் குடிப்பதும் இந்நாட்டில் பெரும்பாலும் ஆண்களின் பழக்கம். அதை மறைத்துவிட்டு ஓமோனைப் பேசுவது நேர்மையல்ல. ஆயினும் பழக்கத்தைக் கணக்கில் எடுத்த பிறகும் ஆய்வாளர்களுக்குச் சில தடயங்கள் கிடைக்கின்றன. பல நாட்டுத் தரவுகளைத் தொகுத்து 2017இல் வெளியான ஆய்வொன்றில், பிள்ளை பெற்ற பெண்களுக்கும், மாதவிடாய் நின்ற பின்னர் ஓமோன் சிகிச்சை எடுத்த பெண்களுக்கும் தலை, கழுத்துப் புற்றுநோய் ஆபத்து குறைவாக இருந்தது. இது ஒரு தொடர்பு மட்டுமே. புற்றுநோயைத் தடுப்பதற்காக ஓமோன் மாத்திரை எடுக்கலாம் என்று யாரும் சொல்லவில்லை. அந்த மாத்திரைகளுக்கு வேறு ஆபத்துகள் உண்டு.

வைரசும் ஓமோனும் சந்திக்கும் இடம்

இந்த இரண்டு வழிகளும் ஒன்றையொன்று தொடுகின்றன. 1996இல் அமெரிக்க ஆய்வாளர்கள், 16ஆம் வகை வைரசின் பரம்பரையலகுகளைத் தோலில் கொண்ட எலிகளை எடுத்தார்கள். அவற்றுக்கு நீண்ட நாட்கள் ஈஸ்திரஜன் கொடுத்தபோது, அவற்றின் கருப்பைக் கழுத்திலும் யோனியிலும் புற்றுநோய் உண்டானது. அங்கே வைரசு மட்டும் போதவில்லை. ஓமோனின் தூண்டுதலும் வேண்டியிருந்தது.

தொண்டையில் அதே ஓமோன் வேறு முகம் காட்டுகிறது. வைரசால் வந்த தொண்டைக் கட்டிகளில் ஈஸ்திரஜன் வாங்கி அதிகமாகக் காணப்படுகிறது. அந்த வாங்கி உள்ள நோயாளிகள் சிகிச்சைக்குப் பிறகு கூடுதலாகப் பிழைக்கிறார்கள் என்று அண்மைய ஆய்வுகள் காட்டியுள்ளன. ஓர் ஓமோன் ஓரிடத்தில் நோய்க்கு உதவி, இன்னோரிடத்தில் நோயாளிக்கு நல்ல அடையாளமாக நிற்கலாம். ஓமோனை நல்லது, கெட்டது என்று பிரிக்க முடியாது என்பதை இது கற்பிக்கிறது.

நோய் எதிர்ப்பிலும் ஆண், பெண் வேறுபாடு இருக்கிறது. எச்.பி.வி. தொற்றுக்குப் பிறகு எதிர்ப்புப் புரதங்களை உண்டாக்குவதில் ஆண்களின் உடல் பெண்களின் உடலை விடப் பின்தங்குகிறது. 2012இல் வெளியான அமெரிக்கக் கணக்கெடுப்பில் ஆண்களில் 10.1 வீதத்தினரின் வாயில் ஏதோ ஒரு வகை எச்.பி.வி. இருந்தது, பெண்களில் 3.6 வீதம்தான். இதில் நடத்தை எவ்வளவு, ஓமோன் எவ்வளவு, முன்பே பெற்ற எதிர்ப்புச் சக்தி எவ்வளவு என்பதைப் பிரிக்கும் வேலை தொடர்கிறது.

மன அழுத்தத்தில் சுரக்கும் ஓமோன்களான அட்ரீனலின், நொர்அட்ரீனலின் ஆகியவற்றைப் பற்றியும் புதிய அறிவு வந்துள்ளது. 2020இல் ‘நேச்சர்’ இதழில் மொரான் அமித்தும் சகாக்களும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பி53ஐ இழந்த வாய்ப் புற்றுக் கலங்கள், தம்மருகில் உள்ள உணர்வு நரம்புகளுக்கு இரசாயனச் செய்தி அனுப்பி, நொர்அட்ரீனலின் சுரக்கும் நரம்புகளாக அவற்றை மாற்றிவிடுகின்றன என்பது அவர்கள் கண்டது. அந்நரம்புகள் கட்டியின் வளர்ச்சிக்கு உதவுகின்றன. எலிகளில் அந்த நரம்புச் செய்தியைத் தடுத்தபோது கட்டியின் வளர்ச்சி குறைந்தது. மனிதருக்கு இது மருந்தாக இன்னும் வரவில்லை. ஆனால் வெற்றிலையோ புகையோ தொடக்கத்தில் அறுத்துவிட்ட அதே பி53இன் இழப்பு, பின்னர் நரம்பையும் நோயின் பக்கம் சேர்க்கிறது என்பதை இதிலிருந்து அறிகிறோம்.

தடுப்பூசி என்ற வாய்ப்பு

மூன்று வழிகளில் வைரசின் வழியை அடைக்க உறுதியான கருவி இருக்கிறது. இலங்கை அரசு 2017இல் எச்.பி.வி. தடுப்பூசியைத் தேசிய நிகழ்ச்சித்திட்டத்தில் சேர்த்து, தரம் 6இல் படிக்கும் பெண்பிள்ளைகளுக்கு ஆறு மாத இடைவெளியில் இரண்டு முறை கொடுக்கத் தொடங்கியது. மன்னாரின் பள்ளிக்கூடங்களுக்கும் இது உரியது. கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுப்பதே இதன் நோக்கம். கொஸ்டாரிக்காவில் இளம் பெண்களிடம் நடந்த ஆய்வின் 2013 அறிக்கைப்படி, தடுப்பூசி பெற்று நான்கு ஆண்டுகளின் பின் வாயிலுள்ள 16, 18ஆம் வகைத் தொற்று ஏறக்குறைய 93 வீதம் குறைவாக இருந்தது. 2020இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் தலை, கழுத்துப் புற்றுநோய்த் தடுப்பையும் எச்.பி.வி. தடுப்பூசி ஒன்றின் பயன்களில் சேர்த்தது.

பள்ளிக்கூடத்திலிருந்து சம்மதப் படிவம் வந்தால் தாமதிக்காமல் கையொப்பமிடுங்கள். வைரசைச் சந்திக்கும் முன்னர் போட்டால்தான் ஊசி முழுப்பயன் தரும். அதனால்தான் பத்து, பதினொரு வயதிலேயே போடுகிறார்கள். இது பிள்ளைப்பேற்றைப் பாதிக்கும் என்ற வதந்திக்கு ஆதாரம் இல்லை. பல நாடுகள் ஆண்பிள்ளைகளுக்கும் இதைப் போடுகின்றன. தொண்டைப் புற்றுநோய் ஆண்களையே அதிகம் பிடிப்பதால், ஆண்பிள்ளைகளுக்கும் போடவேண்டும் என்ற வாதத்துக்கு இங்கும் நியாயம் உண்டு.

கண்ணாடியும் வெளிச்சமும்

வெற்றிலையால் வரும் புற்றுநோய்க்கு ஊசி இல்லை. ஆனால் அது கண்ணுக்குத் தெரியும் இடத்தில் வளர்கிறது. கேரளத்தின் திருவனந்தபுரம் மாவட்டத்தில் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய் வாயைப் பார்த்தார்கள். 1996இல் தொடங்கிய இந்த ஆய்வின் முடிவு 2005இல் வெளியானது. புகையிலையோ மதுவோ பழகியவர்களிடையே வாய்ப் புற்றுநோய் மரணம் 34 வீதம் குறைந்திருந்தது. இலங்கையிலும் சமன் வர்ணகுலசூரியவும் சகாக்களும் ஆரம்ப சுகாதாரப் பணியாளர்களைக் கொண்டு வாயைப் பரிசோதிக்கலாம் என்பதை 1984இலேயே எழுதிக் காட்டினார்கள். இதற்குப் பெரிய இயந்திரம் தேவையில்லை. நல்ல வெளிச்சமும் பழகிய கண்ணும் போதும்.

மாதம் ஒருமுறை கண்ணாடி முன் நின்று உதடு, இரு கன்னங்களின் உட்புறம், ஈறு, நாக்கின் மேல், கீழ், இரு ஓரங்கள், அண்ணம் ஆகியவற்றைப் பாருங்கள். பிறகு கழுத்தைத் தடவிப் பாருங்கள். கீழ்க்காணும் ஏதாவது மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் பல் வைத்தியரிடமோ அருகிலுள்ள வைத்தியசாலையிலோ காட்டவேண்டும்: ஆறாத புண், துடைத்தாலும் போகாத வெள்ளைப் படை, சிவந்த திட்டு, கழுத்தில் வலியற்ற கட்டி, குரல் கம்மல், விழுங்கும்போது வலி, ஒரு காதில் மட்டும் குத்தல். காரம் பட்டால் எரிகிறது, மூன்று விரலை நிறுத்தி நுழைக்கும் அளவுக்கு வாய் திறக்கவில்லை என்றால் பாக்கை அன்றே விட்டுவிட வேண்டும். சிவந்த திட்டு வெள்ளைத் திட்டை விட ஆபத்தானது. புகைக்காத, வெற்றிலை போடாத ஒருவருக்குக் கழுத்தில் மட்டும் கட்டி வந்தாலும் அலட்சியம் கூடாது. வைரசால் வரும் தொண்டைப் புற்று பலரிடம் அப்படித்தான் முதலில் தலைகாட்டுகிறது.

கடற்றொழில் செய்பவர் நாட்கூலியை இழந்து வைத்தியரிடம் போகத் தயங்குவது இயல்பு. மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலையிலிருந்து கதிர்வீச்சுச் சிகிச்சைக்காகத் தெல்லிப்பழைக்கோ மகரகம அபேக்ஷா வைத்தியசாலைக்கோ போகவேண்டியிருக்கும். 2011இல் தேவேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை சுமார் 670 கிலோமீற்றர் தூரம் மக்கள் நடந்து திரட்டிய பணத்தில் தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலை கட்டப்பட்டு 2013இல் திறக்கப்பட்டது. அதே 2011இல் சங்குப்பிட்டிப் பாலமும் திறந்ததால் மன்னாரிலிருந்து பூநகரி வழியாக அங்கே போவது முன்னரை விட எளிது. நோய் சிறிதாக இருக்கும்போது ஒரு சிறு சத்திரசிகிச்சையே போதும். வளர்ந்துவிட்டால் தாடையும் நாக்கும் பேச்சும் பறிபோகும், வாரக்கணக்கான கதிர்வீச்சுக்கு ஊரைவிட்டுப் போயிருக்கவேண்டும். ஒரு நாள் கூலியை இழக்கத் தயங்கியவர் பின்னர் மாதக்கணக்கில் தொழிலை இழக்கிறார்.

கழுத்துக்குக் கதிர்வீச்சு பெற்றவர்கள் இன்னொன்றையும் மறக்கக்கூடாது. அந்தக் கதிர் தைரொயிட்டையும் தொடுவதால், மாதங்கள் அல்லது ஆண்டுகள் கழித்து அதன் ஓமோன் குறையலாம். உடற்சோர்வு, எடை கூடுதல், குளிர் தாங்காமை, மலச்சிக்கல் ஆகியவற்றை ‘நோயின் களைப்பு’ என்று விட்டுவிடாமல் இரத்தப் பரிசோதனை செய்யக் கேளுங்கள். குறைந்த ஓமோனை ஒரு மாத்திரையால் ஈடுசெய்யலாம்.

பழக்கத்தை விடுவது எளிதென்று நான் சொல்லமாட்டேன். அரெக்கொலினும் நிக்கொட்டினும் பிடித்த பிடியைத் தளர்த்தக் காலம் எடுக்கும். புகையற்ற புகையிலைப் பொருட்களுக்கு எதிராக அரசு 2016இல் தடை ஒழுங்குவிதியைக் கொண்டுவந்தது. ஆனால் பாக்கு இன்னும் எல்லாக் கடையிலும் உண்டு. அதைத் தடுக்க வீடுதான் முன்வரவேண்டும். சபையில் வெற்றிலைத் தட்டம் மரியாதைக்காக வைக்கப்படட்டும். அதைத் தொட்டு வணங்கினாலே மரியாதை நிறைவேறும். பாக்கையும் புகையிலையையும் மெல்வது அந்த மரியாதையின் பகுதியல்ல. பாக்குப் பொட்டலம் வாங்கிவரச் சிறுவனைக் கடைக்கு அனுப்பும் வழக்கத்தை இன்றே நிறுத்தலாம்.

எமது ஓமோன்களை நாம் தேர்ந்தெடுப்பதில்லை. வைரசை ஊசியால் தடுக்கலாம். வெற்றிலையையும் பாக்கையும் புகையிலையையும் கையால் தள்ளிவிடலாம். மன்னாரில் இந்தப் புற்றுநோயில் பெரும்பகுதி நாமே தடுக்கக்கூடியது. உங்கள் வீட்டில் வெற்றிலை போடுகிறவர் இருந்தால், இன்று இரவு நல்ல வெளிச்சத்தில் அவருடைய வாயை ஒருமுறை பாருங்கள். ஏதும் கண்டால் நாளைக் காலையிலேயே வைத்தியரிடம் கூட்டிச் செல்லுங்கள்.